விழித்தெழாக் கணினியும் அதன் காரணம் காணும் முறையும்

பிழை ஒன்று வெளிப்படும் இடம் வேறு. அது பிறக்கும் இடம் வேறு. தலைநோவு என்று வந்தவனிடம் உண்ட உணவையும் உறங்கிய நேரத்தையும் வினவுபவனே நல்ல வைத்தியன். நோவுற்ற தலையை மட்டும் நோக்கி மருந்திடுபவன் ஒருகால் வெற்றி பெறினும் பலகால் தோல்வியுறுவான். மனிதர் சமைத்த யந்திரங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். சென்ற கல்வியாண்டின் இறுதியில் எமது துறையின் ஆய்வறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இதனை எமக்கு நன்கு உணர்த்தியது. அதனால் பெற்ற பாடம் பிறருக்கும் பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

எமது ஆய்வறையில் இன்டெல் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ5-4590 என்னும் ப்ராசஸர் அமைந்த கணினி ஒன்று உள்ளது. இறுதியாண்டு மாணவர் இருவர், ஓலைச்சுவடிகளின் படங்களிலிருந்து எழுத்துக்களைத் தானே இனங்காணுமாறு அக்கணினியைப் பயிற்ற முயன்று வந்தனர். ப்ராசஸர் ஒன்றைக்கொண்டு அதனைச் செய்யப் புகுந்தால் ஒருமுறைப் பயிற்சிக்கே இரவு முழுதும் போதவில்லை. பழைய மாணவர் சிலர் இதனைக் கேள்வியுற்று, தம்முள் பொருள் திரட்டி, ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அளித்தனர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த அது, 12 ஜிகாபைட் நினைவகம் உடையது. ஆயிரக்கணக்கான சிறு கணக்குகளை ஒரே வேளையில் செய்ய வல்லது.

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாட்களே இருந்தன. கைத்திறன் மிக்க இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் அட்டையை உரிய இடத்தில் பொருத்தினான். பின்னர்ச் சுவிட்சை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் ஒளிர்ந்தன, ஆனால் திரை இருண்டே கிடந்தது. மும்முறை முயன்றும் பயனில்லை. கூடியிருந்தோரின் பார்வை அம்மாணவன்மேல் திரும்பியது. "அழுத்தி ஒடித்துவிட்டான்" என்றார் ஒருவர். "கையிலிருந்த மின்னூட்டத்தால் அட்டை பட்டுப்போயிற்று" என்றார் மற்றொருவர். அவனோ எம்மருகே வந்து, "ஐயா, என் கைப்பிழையால் கெட்டிருந்தால் விடுமுறையில் வேலை செய்து அத்தொகையைச் செலுத்திவிடுகிறேன்" என்று தாழ்ந்த குரலிற் கூறினான். அவ்வமயம் யாமும் அவனை ஐயுற்றோம் என்பதை மறைக்காமல் ஈண்டு எழுதுகின்றோம்.

விழித்தெழுதல் யாது?

காரணம் காணப் புகுமுன், கணினி விழித்தெழும் முறையை அறிதல் இன்றியமையாதது. மாணவர் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்னும் அளவுகளாக மாற்றுகின்றது. அவ்வளவுகள் நிலைபெற்றபின், "யாவும் நலம்" என்னும் பொருள்படும் குறியொன்றை மதர்போர்டு எனும் தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. உடனே ப்ராசஸர், தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரலை இயக்கத் தொடங்குகின்றது. அந்நிரல், ரேம் என்னும் தற்காலிக நினைவகம் உளதா, படம் காட்டும் உறுப்பு உளதா எனத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். சோதனை முடிந்த பின்னரே வட்டிலுள்ள இயக்கத் தொகுதி அழைக்கப்படும். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யிலும் இச்சோதனை இருந்தது. யாவும் செம்மையாயின் ஒரு குறுகிய 'பீப்' ஒலி எழுந்தது.

இவ்வரிசையை மனத்திற்கொண்டால், "கணினி கிளம்பவில்லை" என்னும் ஒரே முறையீட்டில் நான்கு வெவ்வேறு நிலைகள் அடங்கியிருத்தல் புலனாகும். சுவிட்சை அழுத்தியும் எவ்வித அசைவும் இல்லாமை முதல் நிலை. விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுபோதல் இரண்டாம் நிலை. விசிறிகள் சுழன்றுகொண்டிருக்கவும் படம் தோன்றாமை மூன்றாம் நிலை. படம் தோன்றிச் சிறிது நேரம் இயங்கியபின் அணைந்துபோதல் நான்காம் நிலை. முதலிரண்டில் மின்சாரம் வரும் வழியையும், குறுக்குத் தொடர்பு எங்கேனும் உளதா என்பதையும் முதற்கண் ஐயுறல் வேண்டும். மூன்றாவதில் ரேம், அட்டை, படக் கேபிள், பயாஸ் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். நான்காவதில் மின்வழங்கியின் ஆற்றலையும் உறுப்புக்களின் வெப்பத்தையும் நோக்குதல் வேண்டும். நிலையை வகுத்துக்கொள்ளாமல் கையை உள்ளே விடுபவன் இருட்டில் ஊசி தேடுபவனை ஒப்பான்.

கை வைக்குமுன்

கணினியை அணைத்துச் சுவரிலுள்ள செருகியைப் பிடுங்கிவிடுதல் முதற்கடன். அதன்பின் சுவிட்சைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னூட்டம் பெரும்பாலும் வடிந்துவிடும். கேபினெட்டின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, நம் உடலில் தங்கிய மின்னூட்டத்தையும் போக்கிக்கொள்ளுதல் வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறத்தலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் இருக்கும் கெபாசிட்டர்கள் உயிருக்கு ஊறு விளைக்கத்தக்க மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கக்கூடும்.

மற்றொரு விதியும் உண்டு. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். செய்ததையும் விளைந்ததையும் ஏட்டில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தபின் யந்திரம் இயங்கினால், எதனால் இயங்கிற்று என்பதை அறிய வழியில்லை. காரணம் அறியாது பெற்ற வெற்றி நெடுநாள் நில்லாது.

முதற்பிழை

எமது கணினி மூன்றாம் நிலையில் இருந்தது. ஆதலின், பழைய நிலைக்கு மீள்வதே முதற்படியெனத் துணிந்தோம். புதிய அட்டையைக் கழற்றினோம். எமது ப்ராசஸரினுள்ளேயே படம் காட்டும் உறுப்பு அமைந்திருந்தமையால், மானிட்டரின் எச்.டி.எம்.ஐ. கேபிளைத் தாய்ப்பலகையின் துளையிற் செருகிச் சுவிட்சை அழுத்தினோம். அப்பொழுதும் திரை இருண்டே இருந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் தகும். அட்டை இல்லாதபோதும் நோய் நீங்கவில்லையெனின், அட்டை மட்டுமே குற்றவாளி என்று கூற இயலாது. அட்டையைப் பொருத்தும் பணியின்போது வேறு ஏதோ ஒன்று நிலை பெயர்ந்துள்ளது என்பதே தெளிவு. அன்று காலை வரை இயங்கிய கணினியில் யார் யார் எதனைத் தொட்டனர் என்று ஏட்டை நோக்கினோம். அட்டை பொருத்தப்படுமுன் உட்புறத்துத் தூசியைத் தூரிகைகொண்டு அகற்றி, ரேம் தகடுகள் இரண்டையும் எடுத்துத் துடைத்து மீண்டும் செருகியவர் ஒருவர் உளர். அவர் வேறு யாரும் அல்லர், யாமே!

விளக்கைப் பிடித்து நோக்கியபோது, ஒரு தகட்டின் ஒரு முனைத் தாழ் முற்றும் மூடாமல் இருந்தமை தெரிந்தது. முன்னர் நீண்ட அட்டை அம்முனையை மறைத்திருந்தமையால் ஒருவர் கண்ணுக்கும் அது புலப்படவில்லை. இரு தகடுகளையும் எடுத்து, முதலில் ஒன்றை மட்டும் இரு முனைகளிலும் 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திச் சுவிட்சைப் போட்டோம், படம் தோன்றிற்று. பின்னர் மற்றதனையும் செருகினோம், அப்பொழுதும் தோன்றிற்று. எவன்மேல் ஐயங்கொண்டோமோ அவன் குற்றமற்றவன், பிழை எம்முடையது. அனைவரும் கேட்க அதனை அவனிடம் கூறினோம்.

இரண்டாம் பிழை

அணைத்துவிட்டு அட்டையை மீண்டும் பொருத்தினோம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் நீண்ட ஸ்லாட்டின் முனையிலுள்ள சிறு தாழ் அட்டையைப் பற்றிக்கொண்டதா, அட்டையின் பித்தளை நிறத் தொடர்முனைகள் ஒரு பக்கம் மேலெழாமல் ஒரே மட்டமாக உள்ளே இறங்கினவா, உலோகப் பட்டையின் திருகாணி முடுக்கப்பட்டதா, மின்வழங்கியிலிருந்து வரும் துணைக் கேபிள் முற்றும் செருகப்பட்டதா என ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சுவிட்சை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன. திரை மீண்டும் இருண்டது!

எமக்குச் சோர்வு மேலிட்டது. அப்பொழுது அவ்விரண்டாமாண்டு மாணவன் பெட்டியின் பின்புறத்தை எட்டிப் பார்த்து, "ஐயா, கேபிள் இன்னும் பழைய துளையிலேயே இருக்கிறது" என்று நகைத்தான். சோதனைக்காகத் தாய்ப்பலகையிற் செருகிய கேபிளை அட்டைக்கு மாற்ற மறந்திருந்தோம். தனியட்டை பொருத்தப்பட்டவுடன் ப்ராசஸரினுள் இருக்கும் பட உறுப்பைத் தாய்ப்பலகைகள் பெரும்பாலும் தாமே ஓய்வுறச் செய்துவிடும். ஆதலின் பழைய துளையிற் படம் வாராது. கேபிளை அட்டையின் துளைக்கு மாற்றிய கணத்தில் திரை ஒளிர்ந்தது. அறிஞர் பலர் நாள் முழுதும் தேடிய பிழை இவ்வளவே என்று முடிந்த கதைகள் பல உள. எளிய காரணத்தை முதலில் நோக்குதல் இழிவன்று.

மூன்றாம் பிழை

மகிழ்ச்சியோடு மாணவர் இருவரும் தம் பயிற்சி நிரலைத் தொடங்கினர். ஒரு நிமிடமும் கழியவில்லை. கணினி முற்றும் அணைந்தது. சுவிட்சை அழுத்தியும் அசைவில்லை. சுவரிலுள்ள மின்சாரத்தை நிறுத்திச் சிறிது நேரம் கழித்துப் போட்டபோது மீண்டும் இயங்கிற்று. நிரலைத் தொடங்கியவுடன் மீண்டும் அணைந்தது. வேலையின்றி இருக்கும்போது நலமாய் இருந்து, பளு ஏறியவுடன் வீழ்வது நான்காம் நிலை. வெப்பமேறுதற்குச் சிறிது நேரம் வேண்டும். எமது கணினியோ பளு ஏறிய சிறுபொழுதிலேயே அணைந்தது. அன்றியும், சுவர்மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலன்றி எழாமை, மின்வழங்கி தன் காப்பமைப்பைக்கொண்டு தன்னைத் தானே பூட்டிக்கொண்டதன் அடையாளம். இனி ஊகித்தல் வேண்டா. கணக்கிட்டு அறிதலே முறை.

மின்வழங்கியின் மேற்புறத்தில் 450 வாட் எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதனைக் கண்டே யாம் போதும் என்று இருந்துவிட்டோம். பக்கவாட்டிலுள்ள சிறிய அட்டவணையை அன்றுதான் படித்தோம். 12 வோல்ட் வழியில் அது தரவல்லது 17 ஆம்பியர் மட்டுமே. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12ஐ 17ஆல் பெருக்க 204 வாட் ஆகின்றது. எஞ்சிய வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வழிகளைச் சேர்த்துக் கூட்டிய தொகை. ஆனால் இக்காலத்துக் கணினியில் பெருந்தீனி உண்ணும் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் வழியையே நம்பியுள்ளன. ஆர்.டி.எக்ஸ். 3060க்கு 170 வாட். ப்ராசஸருக்கு 84 வாட். இரண்டும் சேர்ந்து 254 வாட். வட்டும் விசிறியும் இதன்மேல். கணநேரத்தில் அட்டை தன் அளவை மீறி இழுக்கும் மின்சாரமும் இதன்மேல். 204 வாட் தரும் ஊற்றிலிருந்து 254 வாட் இறைக்க முயன்றால் ஊற்று வற்றாமல் என் செய்யும்?

இன்னுமொரு குறையும் கண்டோம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டு தன்னளவில் 75 வாட் வரையே தரும். அதற்குமேல் வேண்டுவதை அட்டையின் துணைக் கேபிள் தருதல் வேண்டும். 6 ஊசித் துணை இணைப்பு 75 வாட்டுக்கும், 8 ஊசி இணைப்பு 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. எமது மின்வழங்கியில் 8 ஊசிக் கேபிள் இல்லாமையால், பழைய வட்டுகளுக்குரிய நான்கு ஊசி இணைப்புக்களை ஒன்றுசேர்க்கும் மாற்றி ஒன்றை வாங்கியிருந்தோம். இத்தகைய மாற்றிகள் வழியை உண்டாக்குமேயன்றி ஆற்றலை உண்டாக்கமாட்டா. சாட்டா இணைப்பிலிருந்து 8 ஊசியாக மாற்றுவன இன்னும் கொடியவை. ஒரு சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அஃதாவது 54 வாட் அளவே தாங்கும். அதன்வழி 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றவும் கூடும். எமது மின்வழங்கி தன்னைத் தானே அணைத்துக்கொண்டது எமது நற்பேறு என்க.

அண்டைத் துறையினர் அன்புகூர்ந்து 550 வாட் மின்வழங்கி ஒன்றைக் கடனாக உதவினர். அதன் அட்டவணையில் 12 வோல்ட் வழிக்கு 45 ஆம்பியர், அஃதாவது 540 வாட் எனக் கண்டபின்னரே அதனை ஏற்றோம். அதற்குரிய கேபிள்களை மட்டுமே பயன்படுத்தினோம். அன்றிரவு தொடங்கிய பயிற்சி தடையின்றி நடந்தது. தேர்வும் குறித்த நாளில் நிறைவேறிற்று.

பிற காரணங்கள் சில

எமக்கு நேராதன ஆயினும் பிறர்க்கு நேரக்கூடியவற்றையும் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, ஒத்த தோற்றமுடைய இணைப்புக்கள். ப்ராசஸருக்குரிய 8 ஊசிக் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்குரியது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் நேர், எதிர் முனைகள் இடம் மாறியுள்ளன. பொருந்தாவிடின் வலிந்து செருகுதல் கேடு. அன்றியும், கழற்றி மாட்டும் கேபிள்களையுடைய மின்வழங்கிகளில், ஒன்றின் கேபிளை மற்றொன்றில் மாட்டுதல் ஒருபோதும் கூடாது. மின்வழங்கியின் பக்கத்து முனைக்குப் பொதுவான நியமம் இல்லாமையால், உருவம் பொருந்தினும் உள்ளோட்டம் மாறி உறுப்புக்களை எரித்துவிடும்.

இரண்டாவது, பயாஸின் பழமை. பழைய தாய்ப்பலகை புதிய அட்டையை அறியாதிருத்தலும், யு.இ.எஃப்.ஐ. முறையில் மட்டும் இயங்குமாறு அமைக்கப்பட்ட பலகையில் பழைய அட்டை படம் காட்டாதிருத்தலும் உண்டு. பழைய நிலைக்கு மீண்டு பயாஸைப் புதுப்பித்தலும், அமைப்புக்களைத் தொடக்க நிலைக்கு மாற்றுதலும் இதற்குப் பரிகாரம். மின்சாரத்தைத் துண்டித்து, தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்னும் நாணயவடிவ 3 வோல்ட் பேட்டரியைச் சில நிமிடங்கள் எடுத்துவைத்தால் பெரும்பாலான பலகைகளில் அமைப்புக்கள் தொடக்க நிலையை அடையும்.

மூன்றாவது, யந்திரம் தானே பேசும் மொழி. தாய்ப்பலகைகள் சிலவற்றில் ப்ராசஸர், ரேம், படம், வட்டு ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சிறு விளக்குகள் உள. எங்குச் சோதனை தடைப்பட்டதோ அவ்விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சிலவற்றில் ஒலிக்குறி உண்டு. அவார்டு பயாஸில் ஒரு நெடிய ஒலியும் இரண்டு குறிய ஒலியும் படவுறுப்பின் குறையைக் குறிக்கும், ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டுக் குறிய ஒலிகள் அதனைக் குறிக்கும். தாய்ப்பலகையோடு வரும் கையேட்டைக் குப்பையில் எறியாதவன் இம்மொழியை எளிதில் அறிவான்.

நான்காவது, பேரட்டைகளின் பசி. ஐ.பி.எம். பி.சி.யின் மின்வழங்கி முழுவதுமே 63.5 வாட் தான். 2022ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் அட்டை ஒன்றே 450 வாட் உண்பது. 2025ஆம் ஆண்டின் ஆர்.டி.எக்ஸ். 5090 என்பதோ 575 வாட். இவற்றுக்குரிய 16 ஊசி இணைப்பு 600 வாட் வரை தாங்குமாறு வகுக்கப்பட்டது. ஆயினும் அது இறுதிவரை செருகப்படாவிடின் வெப்பமேறி உருகும். ஆதலின் அட்டை வாங்குவோன் விலையை மட்டும் கேளாமல், தன் மின்வழங்கியின் அட்டவணையையும் கேபினெட்டின் நீளத்தையும் அளந்து செல்லுதல் வேண்டும்.

முடிவுரை

1947ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் இரண்டு என்னும் பெருங்கணினி பிழைபட்டபோது, அதனை இயக்கியோர் உள்ளே தேடி, ரிலே ஒன்றிடையே சிக்கிய விட்டிற்பூச்சியைக் கண்டெடுத்து நாட்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அவ்வேடு இன்றும் அந்நாட்டின் தேசியப் பொருட்காட்சிசாலையில் உள்ளது. அவர்கள் பூச்சியைக் கண்டபின்னரே அதன்மேற் பழி சுமத்தினர். யாமோ கண்டறியுமுன்னரே ஒரு மாணவன்மேற் சுமத்தினோம். அடுக்கியிருந்த மூன்று பிழைகளுள் ஒன்றேனும் அவனுடையதன்று. தாழை மூடாமல் விட்டவரும், கேபிளை மாற்ற மறந்தவரும், அட்டவணையைப் படியாமல் அட்டையை ஏற்றவரும் யாமே.

ஆய்வறையின் ஏட்டில் இம்மூன்றனையும் எழுதி அடியிற் கையொப்பமிட்டுள்ளோம். பிற்காலத்து மாணவர் அதனைப் புரட்டும்போது, யந்திரங்களை ஆராயும் பொறுமையை மனிதரிடத்தும் காட்டுதல் வேண்டும் என்பதனையும் உடன் கற்பாராக. அவ்விரண்டாமாண்டு மாணவன் இப்பொழுது மூன்றாமாண்டில் பயில்கின்றான். ஆய்வறையின் திறவுகோல் அவனிடத்தே உள்ளது.